சாவியக்காவின் மேசை வாசிப்பு

நாற்பத்திரண்டு அறைகளுக்கும் சாவி ஒரே வளையத்தில் இருந்தது. அந்த வளையம் ஒரே இடுப்பில் இருந்தது. அதனால் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு வயதில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போர்வை மடித்துக்கொண்டிருப்பாள்.

ஊரை விட்டு மேடேறும் சாலையின் கடைசியில் இருந்தது அந்தத் தியான இல்லம். இடது பக்கம் தங்கும் அறைகள், நடுவில் சிற்றாலயமும் சாப்பாட்டுக் கூடமும், வலது பக்கம் படிப்புக் கூடம். தியானத்துக்கு வருகிறவர்கள் மூன்று நாள், எட்டு நாள் என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போவார்கள். "பேசாம இருக்கறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரணுமா? என் வீட்டுக்காரர் வீட்டுலயே இருந்தாரே" என்று சாவியக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டாளாம். வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. துக்கத்திலும் வாய் குறையாத ஆள்.

இருபத்தேழு வயதில், ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கும் வேலைக்கு வந்தவள். எழுத்து தெரியாது. சிக்கலே அங்கேதான். மௌன நாட்களில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் துண்டுச் சீட்டில் எழுதி, சமையலறை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். ஒரு குளிர்காலத்தில் மாடி அறைக்காரர் ஒருவர் சீட்டுப் போட்டார். சாவியக்கா அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு வெந்நீர் கொண்டுபோய் வைத்தாள். மனிதர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு சீட்டு எழுதினார். சோப்பு போனது. மூன்றாவது சீட்டுக்குத் தலையணை போனது. நான்காவது தடவை அந்த மனிதர், எட்டு நாள் மௌனத்தின் ஏழாம் நாளில், "ஜன்னல்! ஜன்னல் மூட மாட்டேங்குது!" என்று மாடி அதிரக் கத்திவிட்டார். ஏழு நாள் தவம் அத்தோடு போச்சு.

அன்றைக்கு அவள் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த வாரமே படிப்புக் கூடத்தில் நடந்த எழுத்தறிவு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவள் எழுதிப் பழகிய முதல் சொல் 'ஜன்னல்'. இரண்டு வருடத்தில், டாக்டர்கள் எழுதிப் போடும் சீட்டைக்கூட அவளால் படிக்க முடிந்தது. மருந்துக்கடைக்காரர்களுக்கு அடுத்தபடியாக அந்த வித்தை தெரிந்த ஆள் இவள்தான். இன்னும் மூன்று வருடம் கழித்துச் சாவி வளையம் இடுப்புக்கு வந்தது.

மகன் வளர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், வேலை என்று தூரதேசம் போனான், போன இடத்தில் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டான். மருமகள் இங்கேயே இருந்தாள். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடு என்று புத்தி சொல்ல வந்தவர்களிடம் சாவியக்கா, "பெத்தது ஓடிப்போச்சு, வந்தது நின்னுபோச்சு. நிக்கறதை எதுக்கு விரட்டணும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அதற்காக மாமியாரும் மருமகளும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இல்லத்தின் பின்கட்டில் அவர்களுக்கு இருந்த இரண்டு சின்ன அறைகளில் உப்பிலிருந்து உடுப்பு வரை எல்லாவற்றுக்கும் சண்டை நடந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் மற்றவள் சாப்பிடமாட்டாள்.

அந்த மருமகள் இப்போது படிப்புக் கூடத்தில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். ஒரு வருடப் படிப்பு. மொத்தம் பத்தொன்பது பெண்கள். கணவன் விட்டுப்போனவள், கணவனை விட்டுவந்தவள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் அங்கே வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் டீச்சர் இருந்தார். பழகுவதற்கு ஆள் உயரத்தில் ஒரு பொம்மை நோயாளியும் உண்டு. பெண்கள் அவருக்கு 'மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமாவைத் தினமும் குளிப்பாட்டுவார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். அவருடைய வலது கை அடிக்கடி கழன்று விழும். விழும்போதெல்லாம் "மன்னிச்சுக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டு எடுத்து மாட்டுவார்கள்.

பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தபோது ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. இயக்குநர் ஃபாதர் அதைச் சமையலறைக்கு எடுத்துவந்து, நின்றபடியே எல்லோருக்கும் படித்துக் காட்டினார். இந்த மாதக் கடைசியோடு இல்லம் மூடப்படுகிறது. கூரை ஒழுகுகிறது. தியானத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நடத்துவதற்குக் குருக்களும் இல்லை.

எல்லாம் உண்மைதான். மழைக்காலத்தில் மாடி வராந்தாவில் பதினோரு வாளி வைக்கிறவளே சாவியக்காதான். ஆனாலும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தொன்பது வருடம். அவள் பிள்ளை நடந்து பழகிய வீட்டைவிட அதிக நாள் இருந்த வீடு. கையில் இருந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெட்கப்படாமல், சத்தமாகவே அழுதாள். அந்த அழுகையை நிறுத்தியது மருமகளின் ஒரு கேள்விதான்.

"அத்தை, அப்போ எங்க பரீட்சை?"

சாவியக்கா துண்டை எடுத்துவிட்டு ஃபாதரின் கையிலிருந்த கடிதத்தை வாங்கினாள். கடைசி வரியில் இப்படி இருந்தது: 'கல்விப் பிரிவு நீண்ட நாட்களாகப் பயன்பாட்டில் இல்லை.'

இது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆயரின் செயலர் வந்து இல்லத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சமையலறையில் அவருக்கு வாட்ச் ஃபாதர் என்று பெயர். அவர் வந்தது ஒரு மௌன நாளில். மௌன நாளில் படிப்புக் கூடத்திலும் மூச்சு விடக்கூடாது. நர்ஸ் டீச்சர் கரும்பலகையில் எழுதுவார், பெண்கள் சைகையில் கேட்பார்கள், கட்டில்கூடக் கிறீச்சிடாமல் நகரும். வாட்ச் ஃபாதர் வராந்தாவில் நின்று காது கொடுத்துக் கேட்டார். வேறு எந்த ஊரிலும் பத்தொன்பது பெண்கள் இருக்கும் அறை அப்படி இருக்காது. சத்தம் இல்லை, ஆகவே ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். கதவைத் தள்ளிப் பார்க்க நேரமில்லை.

பரீட்சை நடத்துகிறவர்களின் விதியோ கறாரானது. பயிற்சி நடந்த இடத்திலேயே, அந்த இடம் திறந்து நடந்துகொண்டிருக்கும்போதே, செய்முறைத் தேர்வு நடக்க வேண்டும். நடுவில் மூடிவிட்டால் வேறு எங்காவது சேர்ந்து முதலிலிருந்து ஒரு வருடம் படிக்க வேண்டும். எட்டாவது தாண்டாத பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் வேறு இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

இயக்குநர் ஃபாதர் அன்றே பதில் எழுதினார். அது கிணற்றில் போட்ட கல். இரண்டாவது கடிதமும் எழுதினார். அவர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த வாரம் ஆயரே இங்கதானே வர்றாரு சாமி? மூணு நாள் தியானத்துக்கு. நேர்ல சொல்லிடலாமே" என்றாள் சாவியக்கா. அங்கி போட்ட எல்லோருக்கும் அவளிடம் ஒரே விளிதான்.

"தியானத்துக்கு வர்றவங்ககிட்ட மனு கொடுக்கக்கூடாதும்மா. அது இந்த வீட்டோட முதல் சட்டம். வந்ததுலேருந்து மூணாம் நாள் மணி அடிக்கிற வரைக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஆயரும் ஆலோசனைக் குழுவும் வருஷா வருஷம் நம்பி வர்றாங்க. மணி அடிச்சதும் கார்ல ஏறிடுவாங்க, அதுவும் தெரியும். சத்தியம் பண்ணுங்க, பேசமாட்டேன்னு."

"பேசமாட்டேன்" என்று சாவியக்கா சத்தியம் செய்தாள். செய்த சத்தியத்தைக் கடைசி வரைக்கும் காப்பாற்றவும் செய்தாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆயர் வந்தார். ஆலோசனைக் குழுக் குருக்கள் பதினான்கு பேர் வந்தார்கள், கடிகாரத்தோடு வாட்ச் ஃபாதரும் வந்தார். மௌனம் தொடங்கியது. சாவியக்கா முதல் நாள் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு துண்டும் சோப்பும் விநியோகித்தாள். ஆயர் எதிரே வரும்போதெல்லாம் வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. விழுங்கினாள். அப்படி எத்தனை தடவை விழுங்கினாளோ, அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் மரப்பெட்டியைத் திறந்தபோது இயக்குநர் ஃபாதரின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது. 'தொண்டை கட்டிவிட்டது. காய்ச்சலும் இருக்கிறது. மதியம் மேசை வாசிப்பை நீங்கள் செய்யுங்கள்.'

மேசை வாசிப்பு என்பது அந்த வீட்டு வழக்கம். எல்லோரும் மௌனமாகச் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் மூலையில் இருக்கும் உயரமான மேடையில் நின்று ஏதாவது நல்லதை உரக்க வாசிப்பார். வாசிப்பு முடியும்வரை யாரும் எழுந்துபோகக்கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. சாவியக்கா சீட்டை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய நெஞ்சு துணி துவைக்கும் இயந்திரம் மாதிரி அடித்துக்கொண்டது. ஏனென்றால், பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தாள். வாசிக்கமாட்டேன் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்கு மருமகளைக் கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

"பேப்பர் எடு. எழுது. என் கையெழுத்து கோணலா இருக்கும், நடுவுல தடுமாறிடுவேன்."

மருமகள் எழுத உட்கார்ந்தாள். "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய" என்று தொடங்கினாள்.

"இது என்ன கல்யாணப் பத்திரிகையா? நேரா விஷயத்துக்கு வாடி."

"அத்தை, ஒரு மரியாதை வேண்டாமா?"

"சுருக்கமா சொல்றதுதான் மரியாதை. சூப் ஆறிடும்."

மூன்று தாள் கிழிந்த பிறகு ஒரு பக்கம் எழுதி முடித்தார்கள். கடைசியில் மருமகள் பேனாவை மூடாமல் கேட்டாள்.

"உங்களை வேலையை விட்டு அனுப்பிட்டா?"

"வீடே மூடப்போகுது. இனிமே எங்கேர்ந்து அனுப்புவாங்க? சாண் போனா என்ன, முழம் போனா என்ன" என்றாள் சாவியக்கா. சொன்னாளே தவிர, அவளுக்குப் பயமாக இருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் சம்பாதித்த ஒரே சொத்து அந்த வீட்டில் அவளுக்கு இருந்த நல்ல பெயர். அதை இன்றைக்கு மதியம் சூப்போடு சேர்த்துப் பரிமாறப் போகிறாள்.

மதியம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இயக்குநர் ஃபாதரின் நாற்காலி காலியாக இருந்ததால் வாட்ச் ஃபாதர் அதில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு முன்னால்தான் மேசை மணி இருக்கும். சாவியக்கா மேடை ஏறினாள். முதலில் அன்றைக்கு உரிய புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒழுங்காக வாசித்தாள். பிறகு தாளைப் பிரித்தாள்.

"இந்த வீட்டின் வலது பக்கத்தில் பத்தொன்பது பெண்கள் படிக்கிறார்கள். பத்தரை மாதம் படித்துவிட்டார்கள். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டினால் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் படித்தது படிக்காததுதான். இவர்களில் ஒருத்தி விடியுமுன் மூன்று வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வகுப்புக்கு வருகிறாள். ஒருத்திக்கு இது எட்டாவது மாதம். ஒருத்தி என் மருமகள். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் ஒளித்தேன் என்பீர்கள்."

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. வாட்ச் ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார்.

"கல்விப் பிரிவு பயன்பாட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறது. மௌன நாளில் சத்தம் போடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். அவர்கள் சொன்னபடி கேட்டார்கள். அதற்குத் தண்டனை கொடுக்கலாமா? வீட்டை மூட வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகு மூடுங்கள்."

வாட்ச் ஃபாதரின் முகம் சிவந்தது. பேச முடியாது. எழுந்துபோகவும் முடியாது. கண் மணியின் மேல் விழுந்தது. நிறுத்து என்று சொல்வதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? டங் என்று ஒரு அடி அடித்தார்.

பாவம், அவருக்குத் தெரியாது. முன்பு அங்கே இயக்குநராக இருந்த ஒரு பெரியவருக்குக் காது மந்தம். வாசிப்பு சரியாகக் கேட்கவில்லை என்றால் மணியை ஒரு தடவை தட்டுவார். 'கேட்கவில்லை, முதலிலிருந்து வாசி' என்று அர்த்தம். அவர் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்த வழக்கம் போகவில்லை. மேசையில் இருந்த மூத்த குருக்கள் எல்லோருக்கும் அது தெரியும். சாவியக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் பணிவாகத் தலையைக் குனிந்துவிட்டு, தாளின் மேல் நுனிக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். "இந்த வீட்டின் வலது பக்கத்தில் பத்தொன்பது பெண்கள் படிக்கிறார்கள்" என்று இன்னும் கொஞ்சம் உரக்கத் தொடங்கினாள்.

ஒரு வயதான குருவுக்குச் சூப் மூக்கில் ஏறிவிட்டது. இன்னொருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். வாட்ச் ஃபாதர் ஒன்றும் புரியாமல் இன்னும் பலமாக மணியை அடித்தார். சாவியக்கா மறுபடியும் குனிந்தாள், மறுபடியும் பத்தொன்பது பெண்களிலிருந்து தொடங்கினாள். முதல் தடவை நடுங்கிய குரல் மூன்றாவது தடவை கணீரென்று நின்றது. மருமகள் என்று வந்த இடத்தில் நிமிர்ந்து ஆயரைப் பார்த்தே சொன்னாள். வாட்ச் ஃபாதரின் கை மூன்றாவது தடவை மணிக்குப் போனபோது, ஆயர் எட்டி மணியை எடுத்துத் தன்னுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவள் கடைசி வரி வரை வாசித்து இறங்கினாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு மரப்பெட்டியில் சீட்டு இருந்தது. 'பயிற்சி அறையைப் பார்க்கலாமா? ஆயர்.' சாவியக்கா அதன் கீழே 'நாலு மணி' என்று தன் கோணல் கையெழுத்தில் எழுதி, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்து அனுப்பினாள்.

நாலு மணிக்கு ஆயர் படிப்புக் கூடத்தின் கதவைத் தள்ளினார். உள்ளே இத்தனை பேரா என்று வாசலிலேயே நின்றுவிட்டார். பத்தொன்பது பெண்கள், எட்டுக் கட்டில், மாமா. ஒரு சத்தம் இல்லை. யார் வந்தாலும் நோயாளியாக நடத்த வேண்டும் என்பது நர்ஸ் டீச்சரின் உத்தரவு. மருமகள் ஆயரை நாற்காலியில் உட்காரவைத்தாள், அங்கியின் கையை மடித்துவிட்டாள், இரத்த அழுத்தம் பார்த்தாள். ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தாள். '150/95. உப்பைக் குறைக்கவும். இரண்டு மாடி ஒரே மூச்சில் ஏற வேண்டாம்.' ஆயர் அதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் மணி அடித்து மௌனம் முடிந்தது. யாரும் காருக்குப் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலேயே பேச்சு தொடங்கிவிட்டது. முதலில் வெடித்தது வாட்ச் ஃபாதர்.

"உங்க மருமக அங்க படிக்கிறாங்க. அதுக்காகத்தானே இவ்வளவும்?"

"அதைத்தான் மூணு தடவை வாசிச்சேனே சாமி" என்றாள் சாவியக்கா. "அழுத புள்ளைதான் பால் குடிக்கும். அவளுக்காக நான் அழறேன். மீதி பதினெட்டுப் பேருக்கு அழறதுக்கு ஆள் இல்ல, அவங்களுக்கும் சேர்த்து அழுதேன்."

கூடமே சிரித்தது. வாட்ச் ஃபாதர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நான் அன்னைக்குக் கதவைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றார். அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. அதனால் சாவியக்காவுக்கு அந்த நிமிடத்திலிருந்து அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஆயர் எழுந்தார். "மூடறது மூடறதுதாம்மா. அந்தக் கூரையை மூணு நாளா படுத்துக்கிட்டே பார்த்தேன். ஆனா தேதி மாறும். பரீட்சை, ரிசல்ட் ரெண்டும் முடிஞ்சப்புறம்தான் பூட்டு. சரி, உங்களுக்கு என்ன வேணும்? எதுவுமே கேக்கலையே?"

"எனக்கா சாமி? மாடி வராந்தாவுக்கு இன்னும் நாலு வாளி."

வாளி வந்தது. ஆறு வாரத்தில் அதற்கு வேலையும் வந்தது. செய்முறைத் தேர்வு நாளில் காலையிலிருந்தே கொட்டு கொட்டென்று மழை. தேர்வாளர் அம்மா சிரிப்பதற்கு உத்தரவு வாங்காமல் வந்தவர் போலிருந்தார். வந்ததும் கூரையைத்தான் பார்த்தார். இந்த இடமெல்லாம் சரிப்படாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. சாவியக்கா வாசலில் வாளியோடு நின்று, தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு தாரை நேராக மாமாவின் மேல் விழுந்தது.

மருமகள் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு இரண்டடி நகர்த்தினாள். மாமாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பைப் பாதி சுருட்டி, உலர்ந்ததைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி, மீதியை இழுத்து ஓரம் மடித்தாள். நோயாளி கட்டிலில் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது அந்தப் படிப்பிலேயே கடினமான பாடம். கடைசி நொடியில் மாமாவின் கை கழன்று தரையில் விழுந்தது. "மன்னிச்சுக்கங்க மாமா" என்று பழக்கதோஷத்தில் சொல்லி, எடுத்து மாட்டினாள்.

தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயாளிகிட்ட மன்னிப்புக் கேட்ட முதல் ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். சரி, அடுத்தவங்க வாங்க" என்றார். அடுத்தவள் இரண்டு நாளைக்கு முன்னால் பிள்ளை பெற்றிருந்தாள். நடக்கவே கஷ்டம், ஆனாலும் வந்திருந்தாள். அவள் கட்டில் கட்டிலாகப் போய்வரும்வரை, அந்தப் பச்சைக் குழந்தையைச் சமையலறையில் மடியில் வைத்திருந்தவர், தேர்வைப் பார்க்கவென்றே அன்று வந்திருந்த வாட்ச் ஃபாதர். ஒரு மணி நேரம் அவர் கடிகாரம் பார்க்கவில்லை. குழந்தை அந்தக் கையின் மேல்தான் தூங்கியது.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. பத்தொன்பது பேரும் தேறினார்கள். சாவியக்கா அந்தத் தாளில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள், எண்ணினாள், நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு இருபத்தொன்பது வருடமாகக் காத்துவந்த மௌன வராந்தாவில் நின்று, தியானத்துக்கு யாருமே இல்லாத தைரியத்தில், "ஜெயிச்சுட்டாளுங்க!" என்று கத்தினாள். மேலே ஓட்டில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. மருமகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அதுவரை அப்படி நடந்ததில்லை, இரண்டு பேருக்குமே கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூடு விழாவுக்கு, முடிவு வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை குறித்தார்கள். அன்று காலை சாவியக்கா நாற்பத்திரண்டு அறைகளையும் பெருக்கி, ஜன்னல்களைச் சாத்தி, ஒவ்வொன்றாகப் பூட்டினாள். முதல் பத்து அறை வரைக்கும் அழுதாள். அதற்குமேல் நேரமில்லை, பத்து மணிக்குத் திருப்பலி.

சிற்றாலயம் நிரம்பி வழிந்தது. வருடக்கணக்கில் அங்கே வந்துபோனவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் வாட்ச் ஃபாதர் தம் கையாலேயே பத்தொன்பது நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை வைத்திருந்தார். எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் வைக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் திருப்பலி தொடங்கியபோது அந்த வரிசை காலியாக இருந்தது. வாசகம் முடிந்தபோதும் காலியாகவே இருந்தது. பின்னால் யாரோ, "பாருங்க, காரியம் முடிஞ்சதும் ஒருத்தியும் எட்டிப்பார்க்கல" என்று முணுமுணுத்தார்கள். வாட்ச் ஃபாதர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஆயர் மறையுரைக்கு எழுந்தார். பேச எழுதிக்கொண்டுவந்த தாளைப் பிரித்தவர், அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"சாவியம்மா, உங்க பொண்ணுங்க எங்க?"

சாவியக்கா எழுந்து நின்றாள். கோவிலே திரும்பி அவளைப் பார்த்தது.

"வேலைக்குப் போயிருக்காங்க சாமி."

"எல்லாருமா?"

"பத்தொம்பது பேரும். ரெண்டு பேரு பிரசவ வார்டுல, நாலு பேரு முதியோர் இல்லத்துல, மீதிப் பேரு பெரிய ஆஸ்பத்திரில. இன்னைக்கு எல்லாருக்கும் காலை ஷிப்ட்டு." பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். "என் மருமக மட்டும் லீவு போடறேன்னா. நான்தான், போடி வேலைக்குன்னு அனுப்பிட்டேன்."